அட்டையில் அமைந்த பெயர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இருப்புப் பாதையே இல்லாத மறையூருக்கு இருப்புப் பாதைக் குமாஸ்தா ஒருவரைப் பேச அழைத்திருக்கின்றீர்கள். பணியின் பொருட்டு யாம் பாலக்காட்டில் வாழினும், கரும்பாலைப் புகையும் சந்தன மரக் காற்றும் கலந்த இந்த மண்ணிலேதான் வளர்ந்தோம். ஆதலின் அழைப்பை மறுக்க மனம் வரவில்லை. இசைப் புலமை எமக்கு இல்லை; கேட்கும் செவி மட்டும் உண்டு. அந்த அளவிலே பொறுத்தருள வேண்டுகின்றோம்.

இவ்வாண்டு விழாக் குழுவில் ஒரு வழக்கு எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளாக நண்பர் குழுவோடு கிதார் வாசித்து வருகின்றார். இப்பொழுது தம் பெயரில் முதன்முதலாக ஒரு பாடல் தொகுப்பை ஆயத்தம் செய்திருக்கின்றார். அதனை இம்மேடையில் வெளியிட இசைவு கேட்டார். பெரியோர் சிலர், “மேனாட்டு ராக் இசைக்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன உறவு?” என்றனர். இளைஞர் சிலர், “எங்களுக்கு இடமில்லாத சங்கம் எங்களுக்கு எதற்கு?” என்றனர். இரு சொல்லும் சுடுசொல். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற யாம் வரவில்லை. நெடுங்காலத்திற்கு முன் ஒரு கிதார் கலைஞர் தம் முதல் தனித் தொகுப்பை உருவாக்கிய வரலாற்றை மட்டும் கூற விரும்புகின்றோம். அதில் இரு சாராருக்கும் செய்தி உண்டு.

அவர் பெயர் ஜார்ஜ் ஹாரிசன். ஹாரிசன் என்றதும் நம்மவர்க்குத் தேயிலைத் தோட்டமே நினைவுக்கு வரும்; இவர் வேறு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் 1943 ஆம் ஆண்டில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் பேருந்துப் பணியாளர். உலகெங்கும் புகழ் பெற்ற பீட்டில்ஸ் என்னும் நால்வர் குழுவில் இவரே முதன்மைக் கிதார் கலைஞர். எனினும் குழுவின் பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றை லெனன், மெக்கார்ட்னி என்னும் இருவரே இயற்றினர். ஓர் இசைத்தட்டில் இவருக்குக் கிடைத்த இடம் ஒரு பாட்டு, அல்லது இரண்டு; மிகுந்தால் மூன்று. 1967 ஆம் ஆண்டில் வந்த பெரும்புகழ் இசைத்தட்டில் இவர் இயற்றியது ஒன்றே ஒன்றுதான். மேடையில் நின்றும் ஓரத்தில் நின்றவர் என்று இவரைச் சொல்லலாம்.

இவர் நம் நாட்டுச் சிதாரின் ஒலியில் உள்ளம் பறிகொடுத்தார். 1965 ஆம் ஆண்டில் ஒரு பாட்டில் சிதாரை மீட்டினார். அது ஆர்வம் மட்டுமே, பயிற்சி அன்று என்பதைத் தாமே உணர்ந்து, 1966 இல் பண்டித ரவிசங்கரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். இந்தியாவுக்கு வந்து தங்கிப் பயின்றார். உலகமே கைதட்டிய ஒருவர், தரையிலே அமர்ந்து தொடக்கப் பாடம் கேட்டார் என்பதை நம் இளைஞர் கருதிப் பார்க்க வேண்டும்.

1967 ஆம் ஆண்டின் இறுதியில் ஜோ மாசோ என்னும் இயக்குநர் ‘வொண்டர்வால்’ என்ற திரைப்படத்திற்கு இசையமைக்குமாறு ஹாரிசனை வேண்டினார். படத்தில் பேச்சுக் குறைவு. இசைக்கு இடம் மிகுதி. என்ன இசை தரினும் ஏற்போம் என்று இயக்குநர் உரிமையும் அளித்தார். ஹாரிசனோ இசையைக் குறியீடாக எழுதும் முறையில் பயின்றவர் அல்லர். என்ன செய்தார்? படத்தை ஓடவிட்டு, கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் வைத்துக்கொண்டார். எந்தக் காட்சிக்கு எத்தனை நொடி என்று குறிப்பேட்டில் எழுதினார். பின்னர்ப் பதிவுக் கூடத்திற்குச் சென்று அந்த அளவுக்கேற்ப இசையை அமைத்தார். கால அட்டவணையோடு வாழ்க்கை நடத்தும் எமக்கு இச்செய்தி எவ்வளவு இனிமை தந்திருக்கும் என்பதை நீங்களே உணரலாம்.

ஒரு பகுதியை இலண்டனில் பதிவு செய்தார். மற்றொரு பகுதிக்காக 1968 ஜனவரியில் பம்பாய்க்கு வந்தார். அங்கே கோட்டைப் பகுதியில் எச்.எம்.வி. நிறுவனத்தின் பதிவுக் கூடம் இருந்தது. அங்கிருந்ததோ ஒலியை ஒரே தடத்தில் பதியும் பழைய பொறி. இரு தடங்களில் பதியும் பொறி கல்கத்தாவில் இருந்தது. அப்பொழுது இந்தியக் கிராமபோன் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் பாஸ்கர் மேனன். இவர் இதே கேரள நாட்டில், திருவனந்தபுரத்தில் 1934 இல் பிறந்தவர். பிற்காலத்தில் அமெரிக்காவிலும் பெரும் இசைத்தட்டு நிறுவனங்களை நடத்திய திறலாளர். 2021 இல் மறைந்தார். இவர் கல்கத்தாவிலிருந்து அந்தப் பெரும் பொறியைப் புகைவண்டியில் ஏற்றிப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம்! அதற்குச் சீட்டு எழுதியவரும், ஏற்றியவரும், இறக்கியவரும் எம் துறையைச் சேர்ந்த எளியோரே அன்றோ? அவர் பெயர்களை எந்த ஏடும் எழுதவில்லை. ஆயினும் அந்த இசையில் அவர்க்கும் ஒரு பங்கு உண்டு என்று யாம் உள்ளுக்குள் பெருமை கொள்வது வழக்கம்.

அப்பதிவுக் கூடத்தில் வெளி ஓசையைத் தடுக்கும் வசதி போதவில்லை. தெருவில் செல்லும் டாக்சிகளின் ஓசை இசைக்குள்ளே புகுந்தது. மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகங்கள் முடியும். ஊழியர் கூட்டம் படிகளில் தடதடவென்று இறங்கும். அந்நேரத்தில் பதிவை நிறுத்திவிட வேண்டியதுதான். உலகப் புகழ் பெற்ற கலைஞர் ஒருவர், நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் வீடு திரும்பும் வரையில் கைகட்டிக் காத்திருந்தார்! அவர் அதற்காகச் சினந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் நகைச்சுவையோடுதான் நினைவு கூர்ந்தார்.

அங்கே வாசித்தவர் யாவர்? சந்தூர்க் கருவியில் சிவகுமார் சர்மா. சரோட்டில் ஆஷிஷ் கான். தபேலாவில் மகாபுருஷ் மிஸ்ரா. சிதாரில் சம்பு தாஸ். தார் ஷெனாயில் விநாயக் வோரா. ஒவ்வொருவரும் தம் கருவியில் கரை கண்டவர். இரு தடங்கள் மட்டுமே உள்ள பொறியில், ஒருவர் ஒலி மற்றவர் ஒலியை விழுங்காதபடி வாசிக்கும்பொழுதே அளவு காக்க வேண்டும். பிறகு பிரித்துத் திருத்த இயலாது. அடக்கம் அறிந்த கலைஞர்க்கே அது கைகூடும்.

‘வொண்டர்வால் மியூசிக்’ என்ற பெயரில் 1968 நவம்பர் 1 ஆம் நாள் இங்கிலாந்தில் அத்தொகுப்பு வெளிவந்தது. பீட்டில்ஸ் நால்வருள் ஒருவர் தனியே வெளியிட்ட முதல் இசைத்தட்டு அதுவே. அவர்கள் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் நீள இசைத்தட்டும் அதுவே. பத்தொன்பது சிறு இசைத் துண்டுகள். பல துண்டுகள் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு பக்கம் ஷெனாயும் தபேலாவும், மறு பக்கம் மேனாட்டுக் கிதாரும் மவுத் ஆர்கனும் என்று மாறி மாறி வரும். ஹாரிசனின் பாட்டுக் குரலை எதிர்பார்த்து வாங்கியவர் ஏமாந்திருப்பர். இங்கிலாந்தில் அது விற்பனைப் பட்டியலில் இடம் பெறவில்லை. அமெரிக்காவில் 49 ஆம் இடத்தை எட்டியது. குறை கூறுவார்க்கு இடம் இல்லாத படைப்பு என்று யாமும் சொல்லோம்.

ஆனால் அதன் அட்டையை நோக்குங்கள். இயற்றியவர், அமைத்தவர், தயாரித்தவர் என்ற அளவிலே ஹாரிசன் தம் பெயரை நிறுத்திக்கொண்டார். வாசித்தோர் வரிசையில் பம்பாய்க் கலைஞர்களின் பெயர்கள், அவரவர் கருவியோடு அச்சாயின. ஆண்டுக் கணக்கில் ஓரத்தில் நின்றவருக்கு முதன்முதலாக நடு இடம் கிடைத்தது. கிடைத்தவுடன் அவர் செய்த முதற் செயல், மற்றவர்க்கு நாற்காலி போட்டதுதான். இதனைக் கூறவே யாம் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம்.

இனி, பெரியோருக்கு ஒரு சொல். கிதார் அயல் கருவி என்கின்றீர்கள், உண்மைதான். வயலினும் அயல் கருவியே. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வந்து, இன்று அஃது இல்லாமல் கச்சேரி இல்லை. ஆர்மோனியமும் அவ்வாறே. 1958 ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசன் இந்த மலைகளில் பாடியதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவருடைய தம்பி இளையராஜா, மலைக்கு அப்பால் பண்ணைப்புரத்தில் பிறந்து, கிதார் வாசிப்பவராகவே சென்னையில் பிழைப்பைத் தொடங்கியவர். திரைப்படம் சாராத தம் முதல் இசைத் தொகுப்பை 1986 இல் வெளியிட்டபொழுது, அதனைத் தியாகராசருக்கும் செருமானிய இசை மேதை பாஹுக்கும் காணிக்கை ஆக்கினார். முன்னே ஒலித்தது வி. எஸ். நரசிம்மனின் வயலின். கருவி எந்நாட்டதாயினும் ஆகுக. அதனை ஏந்தும் கை நம் பிள்ளையின் கை அன்றோ?

இளைஞருக்கும் ஒரு சொல் உண்டு. அதற்கு எம் வீட்டுச் செய்தி ஒன்றைக் கூற வேண்டும்.

எம் சிற்றப்பா உறுமி வாசிப்பவர். 1990 ஆம் ஆண்டை ஒட்டித் திருவிழாப் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து விற்ற ஒருவர், அவரை வாசிக்க அழைத்துச் சென்றார். இரவு முழுவதும் வாசித்தார். பல மாதம் கழித்து உடுமலைப்பேட்டைக்குச் சென்றிருந்தபொழுது கடையில் அந்த ஒலிநாடாவைக் கண்டு, கைப்பணம் கொடுத்து வாங்கி வந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிச் சிறுவனாய் இருந்த எம்மை அழைத்து, “இதிலே என் பேர் எங்கே இருக்கிறது, படி அப்பா” என்றார். அட்டையின் முன்னும் பின்னும் படித்தோம். பாடியவர் பெயர் இருந்தது. வெளியிட்டவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சிற்றப்பாவின் பெயர் எங்கும் இல்லை. அவர் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாம் ஓர் எழுத்து வரிசையைச் சுட்டி, “இதுதான்” என்றோம். அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மறையும் வரை அந்த அட்டையை வருவோர்க்கெல்லாம் காட்டினார். படிக்கத் தெரிந்த எவரும் அவரிடம் உண்மையைக் கூறவில்லை என்றே நம்புகின்றோம். அச்சிட்டவர் செய்யாத ஒன்றை ஒரு சிறுவனின் பொய் செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே தம்பி, உம் தொகுப்பு இம்மேடையில் வெளிவரட்டும் என்று பெரியோரை யாமே வேண்டிக்கொள்கின்றோம். அதற்கு ஈடாக உம்மிடம் ஒன்று கேட்கின்றோம். நம் குடியிருப்பில் உறுமி வாசிக்கும் முதியவர் இன்னும் இருக்கின்றார். தாலாட்டும் நடவுப் பாட்டும் அறிந்த பாட்டிமார் நால்வர் ஐவர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பின் அப்பாட்டுகள் யாரிடம் இருக்கும்? உம் அடுத்த தொகுப்பில் அவர்களை நடுவில் அமர்த்துங்கள். கிதார் சற்றே ஓரத்தில் ஒலிக்கட்டும். இன்று பொறியை வண்டியேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே போதும். பதிவு முடிந்த பின், வாசித்தவர் பாடியவர் அனைவர் பெயரையும் பிழையின்றித் தமிழில் எழுதுங்கள். எழுத்தறியாத பெரியவர் ஒருவர் அதனை ஒரு சிறுவனிடம் நீட்டினால், அச்சிறுவன் தயங்காமல் உண்மையையே படித்துக் காட்டும்படி செய்யுங்கள்.