குறைந்த செலவில் பங்கோர்: கடனில்லாமல் ஒரு கடல் பயணம்

(‘குடும்பமும் விடுமுறையும்’ என்னும் தலைப்பில் அமைந்த தொலைக்காட்சிக் கருத்தரங்க உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும் முதல் வாரத்தில் ஆசிரியர்கள் வழக்கமாகக் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு ஒன்று உண்டு. ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’ என்பதே அது. வகுப்பில் சிலர் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சிலர் பென்சிலைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கும் போகாத பிள்ளை என்ன எழுதும்? போகாத இடத்துக்குப் போனதாக எழுதும். பிள்ளையைப் பொய் எழுத வைப்பது வறுமை என்று சொல்லி விடலாம். ஆனால் பல வீடுகளில் அதற்குக் காரணம் வறுமை அன்று, திட்டமின்மை. ‘தீவு, கடற்கரை, விடுதி எல்லாம் வசதி படைத்தவர்களுக்கு உரியவை’ என்ற எண்ணம் பல குடும்பங்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இன்றைய உரை அந்த எண்ணத்தைப் பற்றியதுதான்.

ஒரு குடும்பத்தை நேயர்கள் மனக்கண்ணில் நிறுத்திப் பார்க்கலாம். ரவாங் வட்டாரத்தில் வாடகை வீடு. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலை ஊழியர். இரண்டு பிள்ளைகள். நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த பாட்டியும் உடன் இருக்கிறார். மகன் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, “வகுப்புல எல்லாரும் லங்காவிக்குப் போயிட்டு வந்துட்டாங்க. நாம எப்பப்பா போவோம்?” என்று கேட்கிறான். அப்பாவுக்கு முகம் சுருங்கி விடுகிறது. அன்றிரவே, தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டாயிரம் வெள்ளி வட்டிக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறார். பாட்டி குறுக்கிட்டு, “ஏன் தம்பி, கடன் வாங்கித்தான் கடலைப் பார்க்கணுமா?” என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விதான் முக்கியம். வட்டி முதலைகளிடம் சிக்கிய குடும்பங்களின் கதை இந்நாட்டில் புதிதல்ல. மூன்று நாள் மகிழ்ச்சிக்காக மூன்று ஆண்டு வட்டி கட்டுவது விடுமுறை ஆகாது. கடன்பற்று அட்டையைத் தேய்த்து விட்டு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதும் அதே கதைதான். ஆனால் போகவே வேண்டாம் என்று பிள்ளையின் வாயை அடைப்பதும் தீர்வாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

எந்தத் தீவு, எந்த நேரம்?

முதலில் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் ஆகியவை கிழக்குக் கரையில், தென் சீனக் கடலில் இருக்கின்றன. அழகில் அவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். கடல் கொந்தளிக்கும். படகுகள் நின்று போகும். விடுதிகள் பலவும் மூடப்படும். லங்காவிக்குப் போக நாட்டின் வடகோடி வரை பயணம் செய்து, குவாலா பெர்லிஸிலோ குவாலா கெடாவிலோ பெர்ரி ஏற வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவே கையைக் கடிக்கும்.

பேராக் மாநிலத்தின் பங்கோர் தீவு மலாக்கா நீரிணையில் இருக்கிறது. பக்கத்தில் சுமத்ரா தடுப்புச் சுவர் போல் நிற்பதால் ஆண்டு முழுவதும் போய் வரலாம். மழை பெய்யலாம், ஆனால் கிழக்குக் கரையைப் போல் மாதக்கணக்கில் தீவு அடைபட்டுக் கிடப்பதில்லை. லுமுட் நகரின் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். கோலாலம்பூரிலிருந்து லுமுட்டுக்கு நேரடிப் பேருந்தும் உண்டு.

எப்போது போவது என்பது எங்கே போவது என்பதைப் போலவே முக்கியம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை அறை வாடகை உயரும். பெருநாள் காலங்களில் இன்னும் உயரும். ஆகவே விடுமுறைக்குள்ளேயே திங்கள் முதல் புதன் வரை போய் வருவது நல்லது. அப்பாவும் அம்மாவும் ஆண்டு விடுப்பில் மூன்று நாள் எடுத்தால் போதும். அதே அறை, அதே கடல். வாடகை மட்டும் குறைவு.

எண்ணூறு வெள்ளிக் கணக்கு

அந்தக் குடும்பத்து அம்மா பழைய மைலோ டின் ஒன்றை அடுப்படி அலமாரியில் வைத்தார். வாரம் இருபது வெள்ளி. நாற்பது வாரத்தில் எண்ணூறு வெள்ளி. ஒரு வாரம் தவறினால் மறு வாரம் நாற்பது. மகனும் மகளும் தங்கள் சில்லறைக் காசையும் அதில் போட்டார்கள். பத்து மாதம் காத்திருந்ததால் அந்தப் பயணத்தின் அருமை பிள்ளைகளுக்குப் புரிந்தது. கேட்டவுடன் கிடைத்திருந்தால் புரிந்திருக்காது.

எண்ணூறு வெள்ளியையும் ஆறு உறைகளில் பிரித்து வைத்தார் அம்மா. பழைய காருக்கு எண்ணெய், டோல் கட்டணம் இரண்டுக்கும் 180. பெர்ரி டிக்கெட்டுக்கும் லுமுட்டில் கார் நிறுத்தவும் 120. இரண்டு இரவு தங்க 240. சாப்பாட்டுக்கு 120. தீவுக்குள் சுற்றி வர 60. அவசரத்துக்கு 80. விலைவாசி மாறிக் கொண்டே இருப்பது. ஆகவே புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு, தொகைகளைத் திருத்திக் கொள்ள வேண்டும். ஆனால் உறை முறை மாறாது. ஓர் உறை காலியானால் அந்தச் செலவு அத்துடன் முடிந்தது. பக்கத்து உறையில் கை வைக்கக் கூடாது.

சாப்பாட்டு உறைதான் முதலில் கிழியும். கடற்கரை உணவகத்தில் மீனும் இறாலும் எடைக்கு விற்கப்படும். விலை கேட்காமல் உட்கார்ந்தால் மூன்று நாள் பணம் ஒரே இரவில் போய் விடும். பாட்டி அதற்கும் வழி சொன்னார். சோறு ஆக்கும் மின்சாரச் சட்டி, அரிசி, ஊறுகாய், வறுத்த கருவாடு ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றார்கள். அறையில் சமைக்கலாமா என்று முன்பதிவின் போதே கேட்டுக் கொண்டார்கள். காலையில் கடையில் ரொட்டி சானாய் அல்லது நாசி லெமாக். மதியம் சொந்தச் சோறு. ஒரே ஒரு நாள் இரவு மட்டும் எல்லாரும் கடையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டார்கள். அந்த ஒரு வேளை திருவிழாச் சாப்பாடு போல் ஆகி விட்டது.

பெர்ரி தீவின் கிழக்குக் கரையை அடைகிறது. முதலில் சுங்கை பினாங் கெச்சில் என்னும் மீனவக் கம்பத்தில் நிற்கும். புதிதாகப் போவோர் பலர் அங்கேயே அவசரப்பட்டு இறங்கி விடுகிறார்கள். கடற்கரைகளுக்குச் செல்வோர் அடுத்த நிறுத்தமான பங்கோர் பட்டணத்தில்தான் இறங்க வேண்டும். அங்கே இளஞ்சிவப்பு நிற வேன்கள் வரிசையாக நிற்கும். அவைதான் தீவின் டாக்சி. ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிக் கொள்வது நல்லது. தனியாகவோ இருவராகவோ வரும் இளைஞர்களுக்கு வாடகை மோட்டார் சைக்கிள் மலிவு. ஆனால் உரிமமும் தலைக்கவசமும் கட்டாயம். தீவைச் சுற்றும் சாலையில் வடக்குப் பகுதி ஏற்ற இறக்கம் மிகுந்தது.

காசில்லாமல் கிடைப்பவை

பங்கோரின் மேற்குக் கரையில் பாசிர் போகாக், தெலுக் நிப்பா ஆகிய கடற்கரைகள் இருக்கின்றன. மணலில் நடக்கவும், அலையில் கால் நனைக்கவும், கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. மாலை ஆறரை மணி வாக்கில் தெலுக் நிப்பாவில் இருவாட்சிப் பறவைகள் வந்து மரங்களிலும் மின்கம்பிகளிலும் உட்காரும். மிருகக்காட்சிசாலைக் கூண்டில் மட்டுமே அவற்றைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். குரங்குகளும் உண்டு. அவற்றுக்குத் தீனி போடக் கூடாது. உணவுப் பையைத் திறந்து வைக்கவும் கூடாது.

சற்றுத் தொலைவில் பங்கோர் லாவுட் என்னும் சிறு தீவு தெரியும். அது முழுவதும் ஒரு சொகுசு விடுதிக்கு உரியது. புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் பாவரொட்டி 1994-இல் அதைத் திறந்து வைத்தார். அங்கே ஓர் இரவு தங்கும் செலவில் ரவாங் குடும்பம் பல முறை பங்கோருக்குப் போய் வந்து விடும். அதற்காக ஏங்கவும் வேண்டியதில்லை, பொறாமைப்படவும் வேண்டியதில்லை. இரண்டு கரைகளிலும் அடிப்பது ஒரே அலைதான்.

பாட்டியின் சரித்திரம்

பங்கோருக்குப் போகிறவர்கள் கடலில் குளித்து விட்டு மட்டும் திரும்பினால் பாதிப் பயணம்தான் போனதாக அர்த்தம். தெலுக் கெடோங் என்னுமிடத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைக்க 1670-இல் அதைக் கட்டினார்கள். 1690-இல் உள்ளூர் மக்கள் அதைத் தாக்கினர். 1743-இல் டச்சுக்காரர்கள் மீண்டும் எழுப்பி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டுச் சென்றார்கள். 1973-இல் அரும்பொருளகத் துறை அதைச் சீரமைத்தது. இன்று நிற்பது கூரையில்லாத செங்கல் சுவர்தான். ஆனால் இந்நாட்டின் ஈயத்துக்காக வெள்ளைக்காரர்கள் எவ்வளவு தொலைவு வந்தார்கள் என்பதைப் பாடப் புத்தகத்தை விடத் தெளிவாக அது சொல்கிறது.

அதைவிடப் பெரிய செய்தியும் இந்தத் தீவின் பெயரோடு சேர்ந்திருக்கிறது. 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோரை ஒட்டிய கடலில், ‘புளூட்டோ’ என்ற கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க், ராஜா அப்துல்லாவைப் பேராக்கின் சுல்தானாக ஏற்றுக் கொண்டார். பதிலுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் ரெசிடெண்டாக வந்த பெர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சி மற்ற மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. அதன் பின்னால் இரயில் பாதைகள் வந்தன, ரப்பர் தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கப்பலேறி வந்தார்கள்.

ஆறாம் ஆண்டில் படிக்கும் பேரனிடம் இதை அப்பா சொன்னபோது, அவன் பாட்டியைத் திரும்பிப் பார்த்து, “அப்படின்னா பாட்டி, நம்ம கதை இங்கதான் ஆரம்பமா?” என்று கேட்டான். பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “எங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப கடலப் பாத்து அழுதாராம். நீ சிரிச்சிக்கிட்டே பாரு” என்றார். ஒரு விடுமுறை இதைவிட வேறு என்ன தர வேண்டும்?

தீவில் கடலோரமாகப் பத்திரகாளியம்மன் கோயில் ஒன்றும் இருக்கிறது. அங்கு நடைபெறும் மாசி மகத் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் பக்தர்கள் பெர்ரி ஏறி வருவது வழக்கம். ஆகவே பங்கோர் நம்மவர்களுக்கு அந்நிய இடமன்று. அந்த நாள்களில் அறை கிடைப்பது கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. படகுச் சவாரிக்கு உயிர்காப்பு மேலங்கி கொடுக்காத படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏறக் கூடாது. பிள்ளைகள் நீரில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் கைத்தொலைபேசியை வைத்து விட்டு அவர்களையே பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். பாட்டியின் மருந்து, பிள்ளைகளின் காய்ச்சல் மருந்து இரண்டும் பையில் இருக்க வேண்டும். அவசர உறையில் உள்ள எண்பது வெள்ளி இதற்காகத்தான். செலவாகாமல் திரும்பினால் அது அடுத்த பயணத்தின் முதல் பணம்.

திரும்பும் வழியில் நெத்திலிக் கருவாடும் சாத்தே மீனும் வாங்கலாம். அவை இந்தத் தீவிலேயே பதமாக்கப்படுபவை. அந்தக் காசு உள்ளூர்க்காரர்களின் கைக்குப் போய்ச் சேரும். 2020 ஜனவரி முதல் பங்கோர் வரி விலக்குத் தீவாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் வரி இல்லை என்பதற்காகத் தேவையற்ற பொருளை வாங்கினால் அது மிச்சம் அல்ல, நட்டம். தீவில் குப்பையைப் போட்டு விட்டு வருவதும் நல்ல பழக்கமன்று. கொண்டு போன பையிலேயே அதைத் திருப்பிக் கொண்டு வரலாம்.

அன்பு நேயர்களே, விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும் என்று பொருளல்ல. ரவாங் வீட்டில் அந்த மைலோ டின் மறுபடியும் அலமாரிக்குப் போய் விட்டது. பள்ளி திறந்ததும் மகன் கட்டுரை எழுதினான். இருவாட்சி, கோட்டை, பெர்ரி, பாட்டி என்று இரண்டு பக்கம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அப்பாவின் சம்பளத்தில் ஒரு காசுகூட வட்டிக்குப் போகவுமில்லை.

இன்று இரவு உறங்கப் போகும் முன் ஒரு காலி டின்னைத் தேடி எடுத்து வைத்தால், நேயர்களின் பயணமும் இப்போதே தொடங்கி விட்டது.