கடலடியில் ஒரு குழாய் வீடு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று உங்கள் முன்னால் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். சென்ற விடுமுறையில் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் போர்ட்டிக்சன் போனோம் அல்லவா? தண்ணீர் வற்றியிருந்தது. சேற்று மணலில் பூப்போல் ஒன்று விரிந்திருப்பதை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பார்த்துவிட்டான்.

"இது என்னங்கையா?"

"கடற்சாமந்திடா. பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"இங்க பாறையே இல்லீங்களே ஐயா?"

"சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பேச்சை மாற்றிவிட்டேன். உண்மையில் நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், பையன் கேட்டதுதான் சரி. அது குழாய்க் கடற்சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அறிவியலார் அதைச் 'செரியாந்தாரியா' என்று தனிக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். பாறையைப் பிடிக்கும் பாதம் அதற்குக் கிடையாது. ஆகவே தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. உடம்பிலுள்ள நுண்ணிய பைகளிலிருந்து ஒட்டும் நூல்கள் வெடித்து வெளிவரும். அந்த நூலோடு சளியும் சேறும் சேர்ந்து, தோல்போலத் தடித்த குழாய் ஆகிவிடும். சில இனங்களின் குழாய் ஒரு மீட்டரையும் தாண்டும்! நிழல் பட்டால் போதும், சட்டென்று உள்ளே போய்விடும்.

வாயைச் சுற்றிக் குட்டை இழைகள் ஒரு வட்டம், வெளியே நீண்ட இழைகள் ஒரு வட்டம். நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களை அவற்றால் பிடிக்கும். இழைகளில் கொட்டும் அணுக்கள் உண்டு, தொடாதீர்கள். பவளப்பாறைச் சாமந்திகள் பலவற்றின் உடம்பில் பாசி குடியிருந்து வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கும். இதற்கு அந்த வசதி இல்லை, வெயிலும் தேவையில்லை. அதனால்தான் பவளத் திட்டுகளுக்கு இடையிலுள்ள மணலிலும் இருக்கும், கலங்கிய நீரிலும் இருக்கும். கோமாளி மீன் இங்கே குடிவராது. ஆனால் 'ஃபொரோனிஸ்' என்னும் புழுப்போன்ற உயிர் குழாயின் சுவரிலேயே ஒட்டுக்குடித்தனம் நடத்தும்!

கிள்ளான் துறைமுகம், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம், நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கிய இடம். அந்தக் கரையோரத்தை 'வெறும் சகதி' என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதையும் இப்போது திருத்திக்கொள்கிறேன். சகதியை நம்பி வாழும் உயிர்கள் எத்தனையோ. கரையை மண்கொட்டி மூடினால், குழாய் வீட்டுக்காரர் எங்கே போவார்?

அந்த மாணவன் பெயர் இன்றைய பரிசுப் பட்டியலில் இல்லை. நான் ஒரு புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? மேடைக்கு வாப்பா.