அப்பா கீறிய கரிக்கோடு



பாசிக்குடாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் அங்கே தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. யுத்தம் முடிந்தபின் எழுந்த ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டார் அந்தத் தண்ணீரில் நின்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி நின்ற ஒரு ஜேர்மன்காரர், தம் நாட்டுப் பனிச்சறுக்குப் பாய்ச்சல் வீரர் ஒருவரைப் பற்றி எனக்குச் சொன்னார். வீரரின் பெயர் யென்ஸ் வைஸ்புளோக்.

காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு, பனி மூடிய சரிவில் வழுக்கி வந்து, அந்தரத்தில் பறந்து, விழாமல் இறங்க வேண்டும். அதுதான் அந்த விளையாட்டு. 1984ஆம் ஆண்டு சரயேவோ ஒலிம்பிக்கில் வைஸ்புளோக் கிழக்கு ஜேர்மனிக்காகத் தங்கம் வென்றார். 1990இல் அந்த நாடே இல்லாமற் போயிற்று. பலகைகளைச் சமாந்தரமாகப் பிடித்துப் பறக்கும் அவருடைய முறையும் வழக்கொழிந்து, பலகைகளை விரித்துப் பறக்கும் புதிய முறை வந்தது. மனிதர் சளைக்கவில்லை. புதிய முறையைக் கற்று, 1994இல் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் ஒன்றுபட்ட ஜேர்மனிக்கு, தனியாக ஒன்றும் குழுவாக ஒன்றுமாக இரண்டு தங்கங்கள் பெற்றுக் கொடுத்தார்.

"உங்கள் நாட்டில் இப்படிப் பாய்ந்தவர் எவரும் உண்டா?" என்று கேட்டார் ஜேர்மன்காரர்.

பனியைக் காணாத நாடு எங்களது. ஆனாலும் உண்டு என்றேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்று பெயர் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தின் பெரியவிளானில் 1934இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். உயரம் பாய்தலில் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது அவருக்கு வயது 17. நான்கு வருடம் கழித்து மெல்பேர்ண் ஒலிம்பிக். பிறகு 1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே அவர் 2.03 மீற்றர் பாய்ந்தார். ஏறத்தாழ ஆறடி எட்டங்குலம். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அது.

இன்று உயரம் பாய்கிறவர் விழுவது மெத்தையில். அன்றைக்கு மணற்குழிதான். முதுகைக் காட்டிப் பாய்ந்து மெத்தையில் விழும் வித்தையை 1968இல் மெக்சிக்கோவில்தான் பொஸ்பரி உலகுக்குக் காட்டினார். அதற்குமுன், பாய்வதைப் போலவே காயமில்லாமல் விழுவதையும் பழகியிருக்க வேண்டும்.

டோக்கியோப் போட்டி நடந்தது மே 24 முதல் ஜூன் 1 வரை. 1958 மே மாதம் என்றால் எங்கள் பகுதி முதியவர்களுக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட பிரயாணிகள் தாக்கப்பட்டதும், ஏறாவூர்ப் பக்கம் புகையிரதம் கவிழ்க்கப்பட்டதும் அந்த மாதத்தில்தான். இரு இனத்தாரும் மாண்டார்கள். தமிழர்களின் இழப்போ மிகப் பெரிது. 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. கல்குடாவில் அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கொழும்புப் பத்திரிகை புகையிரதத்தில் வரும். அப்பா உரத்து வாசிக்க, வந்திருப்பவர்கள் கேட்பார்கள். அந்த நாட்களில் பத்திரிகை வரவில்லை. பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்களவர் மனைவி பிள்ளைகளோடு எங்கள் வீட்டு அறையில் தங்கியிருந்தார். அவர் பயந்திருந்தார். கொழும்பில் இருந்த சித்தப்பாவை நினைத்து அப்பாவும் பயந்திருந்தார்.

பல நாள் கழித்து ஒரு பழைய பத்திரிகை கைக்கு வந்தது. பேக்கரிக்காரர் மூலையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, தம் கொச்சைத் தமிழில், "அண்ணே, நம்ம ஆள் பாஞ்சிட்டான்" என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். "வா மனே" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கடை முன்னால் நின்ற தென்னையடிக்குப் போனார். பேக்கரிக்காரர் முழக்கோலைப் பிடிக்க, ஆறடி எட்டங்குலத்தில் ஒரு கோடு கீறினார். அப்பாவின் தலைக்கு மேலே ஒரு முழத்துக்கும் கூடுதலாக இருந்தது அந்தக் கோடு. மூவரும் அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்த மாதம் பேக்கரிக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போனார். பிறகு வரவேயில்லை. நாங்கள் பையன்கள் பாசிக்குடா மணலில் இரண்டு தடி நட்டு, கயிறு கட்டிப் பாய்ந்து பழகினோம். நான் நாலடியைத் தாண்டியதற்கே ஊர் கைதட்டியது.

வைஸ்புளோக்கின் கதையில் நாடு மறைந்தது, கொடி மாறியது. எதிர்வீரசிங்கத்தின் கதையில் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கொடியின் கீழ் நின்ற மக்கள்தான் பிரிந்தார்கள். தன் சனங்கள் அடிபட்டுக்கொண்டிருந்த நாட்களில் தன் நாட்டுக்கு முதற்தங்கம் வாங்கிக் கொடுத்த ஒருவருடைய மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. அவர் பாய்வதை நிறுத்தவில்லை. 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்றுக் கலாநிதியானார். கல்விப் பணியில் பல நாடுகளுக்குப் போனார். 2024இல் தமது 89ஆவது வயதில் காலமானார்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் தென்னை சாய்ந்தது. கரிக்கோடு அதற்கு வெகுகாலம் முன்பே மழையில் கழுவுண்டு போயிற்று. ஆனால் "நம்ம ஆள்" என்ற அந்தச் சொல் எனக்கு இன்னும் கேட்கிறது. பயந்துபோய் எங்கள் வீட்டில் ஒளிந்திருந்த ஒருவர், பயந்துபோயிருந்த என் அப்பாவுக்குச் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லை நாடு முழுவதும் அன்றைக்குச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

எவ்வளவு உயரம் என்று ஜேர்மன்காரர் கேட்டார். தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டி உயர்த்திக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்தார்.