மைக் போச்சு கண்ணு: ஒரு ஹாம் ரேடியோவும் மூணு மைக்கும்

இந்த வாரம் கோடிங் கிடையாது. ஒரு ரேடியோ செட், எட்டு பின் உள்ள ஒரு பிளக், ஒரு சால்டரிங் அயர்ன். அவ்வளவுதான். ஹாம் ரேடியோ தெரியாதவங்களும் கேட்கலாம், போகப் போகப் புரியும்.

கோயம்புத்தூர்ல ஒரு சார் இருக்கார். மில்லுல எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது ஹாம் லைசென்ஸ் பரீட்சைக்கு எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தது அவர்தான். தினமும் காலையில 40 மீட்டர் பேண்டுல, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், நாங்க ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இதுக்கு நெட்னு பேரு. இன்டர்நெட் இல்ல, இது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்குற நெட். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ போர்ட் பிளேர்ல ஹாம் ஆளுங்க இருந்தாங்க, அவங்க ரேடியோ வழியாத்தான் நிறைய சேதி வெளிய வந்துச்சு. அந்த மாதிரி நாளுக்குத் தயாரா இருக்கணும்னுதான் சாதாரண நாள்ல வானிலை, முட்டிவலி, மாடித் தோட்டம்னு பேசிட்டு இருப்போம்.

ஒரு மாசமா சார் குரல் நெட்ல இல்ல. போன் பண்ணேன். "மைக் போச்சு கண்ணு. செட்டு நல்லாத்தான் இருக்குது. நீங்கெல்லாம் பேசறது கேக்குது. பேசத்தான் முடியறதில்ல"ன்னார்.

சரி, மைக்தானே, நான் வாங்கி அனுப்பறேன்னு சொல்லிட்டேன். அவர்கிட்ட இருக்குறது ஐகாம் 718. அதோட வர்ற கை மைக் புதுசா வாங்கப் போனா விலை கண்ணைக் கட்டுச்சு. ஒரு நண்பர்கிட்ட பழைய மைக் ஒண்ணு இருந்தது. எட்டு பின் ரவுண்டு பிளக், மரை கூட அதேதான், செட்ல வச்சுத் திருகினா கச்சிதமா உட்காரும். வாங்கிட்டேன்.

இங்கதான் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். பிளக் பொருந்துதுங்கிறதுக்காக உள்ள வயரிங் பொருந்தும்னு அர்த்தம் இல்ல. ஐகாம், கென்வுட், யாசு மூணு கம்பெனியும் பல செட்டுல இதே எட்டு பின் பிளக்கைத்தான் வைக்கிறாங்க. ஆனா எந்தப் பின்ல என்ன வருதுங்கிறது ஆளாளுக்கு வேற. யூஎஸ்பி மாதிரி உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரவே இல்ல.

ஐகாம்ல 1-வது பின் மைக். 2-ல செட்டே 8 வோல்ட் வெளிய கொடுக்குது. 5-வது பிடிடி, அதாவது பேசும்போது அழுத்துற பட்டனோட வயர். 6 அந்த பட்டனுக்கான கிரவுண்ட், 7 மைக்குக்கான கிரவுண்ட். கென்வுட்ல மைக் அதே 1-தான், ஆனா பிடிடி 2-வது பின், அதோட கிரவுண்ட் 7. யாசுல மைக்கே 8-வது பின்னுக்குப் போயிடுது, பிடிடி 6.

இப்போ கென்வுட் மைக்கை ஐகாம்ல மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பட்டனை அழுத்தினா மைக்குக்குள்ள 2-ம் 7-ம் சேருது. ஐகாம் பக்கம் 2-ல 8 வோல்ட், 7-ல கிரவுண்ட். பேசலாம்னு அழுத்துற அந்த நிமிஷம் 8 வோல்ட் லைனை நேரா ஷார்ட் பண்றீங்க. அந்த லைன்ல 10 மில்லிஆம்பியருக்கு மேல எடுக்காதீங்கன்னு மேனுவல் சொல்லுது. நல்ல காலம்னா ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா மைக் இல்லாத செட்டு, செட்டே இல்லாத செட்டாயிடும்.

நான் வாங்கின மைக் கென்வுட் வயரிங்தான். மேல எதுவும் எழுதல. மல்டிமீட்டரைப் பீப் மோடுல வச்சு, பட்டனை அழுத்திக்கிட்டே ஒவ்வொரு ஜோடிப் பின்னாத் தொட்டுப் பார்த்தேன். 2, 7-ல பீப். அஞ்சு நிமிஷ வேலை. தெரியாத மைக் எது வந்தாலும் செட்ல மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க.

பிளக்கைக் கழட்டி மாத்தி சால்டர் பண்ணேன். பின் நம்பர் விஷயத்துல எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாறுவாங்க, நானும் ஏமாந்தேன். மேனுவல்ல இருக்குற படம் செட்டோட முகப்பை முன்னாடி நின்னு பார்க்குற மாதிரி. மைக் பிளக்கோட முகத்தைப் பார்த்தா அது கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலம் மாறி இருக்கும். படத்தை நம்பாதீங்க, பிளக்குக்குள்ள பின் பக்கத்துல பொடிசா நம்பர் அச்சடிச்சிருக்கும், அதை நம்புங்க. மொபைல் கேமராவுல ஜூம் பண்ணினா தெரியும்.

இன்னொரு சிக்கல். அந்த மைக் டைனமிக் வகை, உள்ள காந்தமும் காயிலும். ஐகாம் எதிர்பார்க்குறது எலெக்ட்ரெட். எலெக்ட்ரெட்டுக்கு உயிர் கொடுக்க டிசி வேணும், அதனால ஐகாம் 1-வது பின்லயே கொஞ்சம் டிசியை ஏத்தி வச்சிருக்கும். மைக்கைக் கழட்டிட்டு செட்டோட 1-க்கும் 7-க்கும் நடுவுல அளந்தா மீட்டர் காட்டும். அந்த டிசி டைனமிக் காயிலுக்குள்ள போகக்கூடாது. நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, பாசிட்டிவ் கால் செட் பக்கம் பார்த்து. ரிச்சி தெருவுல சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். என் ஊர் நண்பர் செட்ல வச்சு சோதிச்சேன். டைனமிக்கோட சத்தம் கொஞ்சம் கம்மி, மைக் கெயினைத் தூக்கினதும் சரியாயிடுச்சு. கூரியர்ல அனுப்பினேன்.

"வந்துருச்சு கண்ணு, ரொம்ப சந்தோசம்"னார். அடுத்த ஞாயிறு நெட்ல அவர் இல்ல. அதுக்கு அடுத்த ஞாயிறும் இல்ல.

என் சால்டரிங்லதான் கோளாறுன்னு நினைச்சேன். பொங்கல் லீவுல ஊருக்குப் போகும்போது டூல் பாக்ஸோட அவர் வீட்டுக்குப் போனேன். என் மைக் நல்லா வேலை செஞ்சுது. சரின்னு பழைய மைக்கை எடுத்தேன். சுருள் கேபிள் வழக்கமா அந்துபோறது மைக்கை விட்டு வெளிய வர்ற கழுத்துலயும் பிளக் கிட்டயும்தான். அந்த ரெண்டு இடத்தையும் வளைச்சுக்கிட்டே மீட்டர்ல பார்த்தேன். விடாம பீப் அடிக்குது. பட்டன் சுத்தம். எல்லா வயரும் சரி. மைக்ல ஒரு கோளாறும் இல்ல.

அப்போ அம்மா காபி கொண்டு வந்தாங்க. சார் டம்ளரை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுத் தூக்கினார். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது.

நம்ம மைக்ல பேசி முடிக்கிற வரைக்கும் பட்டனை விடாம அழுத்திட்டே இருக்கணும். அவர் விரலால பத்து செகண்டுக்கு மேல முடியல. பாதியில விட்டுப்போச்சுன்னா நெட்ல எல்லாரும் "சார், கட்டாகுது, மைக்கைப் பாருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அவரும் மைக் போச்சுன்னே வச்சுக்கிட்டார். நான் பக் ரிப்போர்ட்டை அப்படியே நம்பி, கேள்வியே கேட்காம பேட்ச் அனுப்பியிருக்கேன். ஆபீஸ்ல இதைப் பண்ணினா என் லீட் என்ன சொல்வார்னு நினைச்சுப் பார்த்தேன்.

நான் எதுவும் பெருசாக் கேட்டுக்கல. "சார், ஹெட்செட் போட்டுப் பேசினா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பண்ணித்தான் பாரேன்"னார்.

முதல்ல வாக்ஸ். குரல் வந்தா செட் தானா டிரான்ஸ்மிட்டுக்குப் போகும், கையே வேண்டாம். ஆனா குக்கர் விசில் அடிச்சாலும் போகுது, அவர் இருமினாலும் போகுது. விட்டுட்டோம். அப்புறம் தோணினது கால் பெடல். மில்லுல இருந்தவருக்குக் கால் சுவிட்ச் ஒண்ணும் புதுசு இல்ல. மிதிச்சா ஆன், எடுத்தா ஆஃப் ஆகுற வகை வாங்கணும். ஒரு தடவை மிதிச்சா அப்படியே நிக்கிற வகை வாங்கிடாதீங்க, மறந்துட்டா பேண்டையே அடைச்சுக்கிட்டு இருப்போம்.

மைக்குக்குச் சாதாரண கம்ப்யூட்டர் ஹெட்செட். பிளக்கை வெட்டினா மைக்குக்குப் போறது ரெண்டே லைன்தான். அதுல இருக்குறது எலெக்ட்ரெட், அதனால ஐகாமோட டிசியே போதும், கெபாசிட்டர் வேண்டாம். பாசிட்டிவ் 1-க்கு, ஷீல்டு 7-க்கு. பெடல் 5-க்கும் 6-க்கும். ஹெட்செட் வயர்ல ஒரு தொல்லை உண்டு. தலைமுடி மாதிரி இழை, மேல வார்னிஷ், நடுவுல நூல். ஈயம் ஒட்டவே ஒட்டாது. அயர்ன் முனையில ஈயத்தை உருட்டி வச்சுக்கிட்டு அதுக்குள்ள இழையைக் கொஞ்ச நேரம் பிடிக்கணும். வார்னிஷ் பொசுங்கினதும் சட்டுன்னு பிடிச்சுக்கும்.

டம்மி லோடுல சோதிச்சோம், எல்லாம் சரி. ஆன்டெனாவுக்கு மாத்திப் பவரை ஏத்தினேன். காலை எடுத்தாலும் செட் டிரான்ஸ்மிட்லயே நிக்குது! ஸ்டேஜிங்ல ஓடுது, புரொடக்‌ஷன்ல விழுந்துடுச்சு. காரணம், பெடலுக்குப் போற ரெண்டு மீட்டர் சாதா வயர் குட்டி ஆன்டெனா மாதிரி நம்ம சிக்னலையே வாங்கி செட்டுக்குள்ள விடுது. டம்மி லோடு சிக்னலை வெளிய விடாததால அங்க இது தெரியவே தெரியாது. வயரை ஷீல்டு கேபிளா மாத்தினேன், பெடல் சுவிட்சுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டேன், பிளக் பக்கத்துல ஒரு ஃபெரைட் கிளிப். நின்னுச்சு.

மறுநாள் காலையில நெட்ல அவர் கால்சைனைச் சொன்னதும் ஒரு செகண்டு யாரும் பேசல. அப்புறம் நாலு பேர் ஒண்ணாப் பேசி யாருக்குமே எதுவும் கேட்கல. ஒருத்தர், "ஓ.எம்., மைக் மாத்திட்டீங்களா, ஆடியோ பிரமாதம்"னார். ஓ.எம்.னா ஓல்டு மேன். ஹாம்ல இருபது வயசுப் பையனையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.

இப்போ ஒரே ஒரு பிரச்சினை. பெடல் மேல காலை வச்சுட்டே உட்கார்ந்திருக்கார். போன வாரம் அவர் அம்மாகிட்ட இன்னொரு காபி கேட்டது, சர்க்கரை ஏன் கம்மின்னு சண்டை போட்டது, எல்லாம் தென்னிந்தியா முழுக்க ஒலிபரப்பாச்சு. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமானதா மாத்தணும். வீங்கின விரலுக்கு அது கஷ்டம், காலுக்குப் பரவாயில்லன்னு சொல்றார். அடுத்த மாசம் போகும்போது பார்க்கணும்.

உங்ககிட்ட யாசு செட் இருந்து அதுக்கு இந்த மாதிரி பெடல் போட்டிருந்தா எழுதுங்க. மாடுலர் ஜாக் வர்ற செட்டுக்கு வயரிங் வேற, அதைத் தனி எபிசோடாப் பேசலாம். 73.