ஹட்டன் மேட்டுப் பள்ளிக்கூடமும் கொச்சிக்கடைச் செவ்வாய்க்கிழமையும்

(கொழும்பு, கொச்சிக்கடையில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. தோட்டத்து வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நாங்கள் மேடைப் பேச்சுக்குப் பழக்கப்பட்டவர்கள் இல்லை. கடை வாசலில் நின்று "வாங்க ஐயா, என்ன பார்க்கிறீங்க" என்று கூப்பிட்டே தேய்ந்த வாய் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்றுகூடல் எப்படி ஆரம்பமானது என்று வாலிபப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சந்தோஷமான காரணம் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னே இதோ பக்கத்தில் இருக்கிற அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அன்றைக்குப் பூசைக்குப் போனவர்களில் மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ஆனால் இந்துவும் வருவான், பௌத்தனும் வருவான். அது எல்லோருக்கும் பொதுவான வாசல். அன்று பகல் முழுக்க நாங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தோம். யாருக்கு எடுப்பது? கூடப் படித்தவர்களில் பத்துப் பேராவது இந்தக் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதிப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் மூன்று பேருடைய நம்பர்தான் எங்களிடம் இருந்தது. ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் இருந்தவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வழியில்லை. அந்த வெட்கத்தில் ஆரம்பித்ததுதான் இது. கோயில் அந்த வருஷம் ஜூன் மாதம் மறுபடி திறந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாசலில் ஆறு பேர் சந்தித்தோம். இன்றைக்கு இந்த அறையில் நாற்காலி போதவில்லை.

எங்களுடைய பள்ளிக்கூடம் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி. 1892 இல் மெதடிஸ்த மிஷனரிமார் தொடங்கியது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் கொழுந்துக் கூடை அல்லது கவ்வாத்துக் கத்தி. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க ஆரம்பித்ததே 1977 இல்தான். அதற்கு முன்னால் ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போகிற பிள்ளை என்றால் லயமே வாசலுக்கு வந்து பார்க்கும்.

நாங்கள் 1967 இல் சேர்ந்தோம். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை, வட்டவளை என்று ஒவ்வொரு பக்கமிருந்தும் வருவோம். சில பேர் பஸ், பல பேர் நடை. பெரட்டுக்கு அடிக்கிற தப்புச் சத்தத்தோடு எழும்பி, அம்மா மலைக்குப் போவதற்கு முன்னே சுட்டு வைத்த ரொட்டியையும் சம்பலையும் கட்டிக்கொண்டு கிளம்புவோம். மழைக் காலத்தில் சட்டை காய்வது வகுப்பில்தான், எங்கள் உடம்பிலேயே. சப்பாத்து இருந்தவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, கேட்டுக்குக் கிட்ட வந்துதான் காலில் போடுவான். சிரிக்கிறீங்க, செய்தவர்கள் இங்கேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஹைலன்ஸ் என்றால் இர. சிவலிங்கம் அவர்களுடைய பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர். லயத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் வரை போகலாம் என்ற நினைப்பையே எங்கள் சனத்துக்குப் பழக்கியவர்களில் அவர் முன்னால் நிற்கிறார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போய், நீலகிரிப் பக்கம் இங்கிருந்து அனுப்பப்பட்ட நம்முடைய சனங்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1999 இல் காலமானார். சிறுகதை எழுதிய திருச்செந்தூரன் அவர்களும் அந்தக் காலத்தில் அங்கே படிப்பித்தவர்தான். கதை எழுதுகிறவர் வாத்தியாராகவும் இருக்கலாம், அவர் நம்மைப் பற்றியே எழுதலாம் என்பது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

ஆனால் எங்கள் மனதில் அதிகமாக இருப்பவர் பேப்பரில் பெயர் வராத ஒருவர். கணக்கு மாஸ்டர். யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். அந்தக் காலத்தில் மலையகப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நிறையப் பேர். குளிர் தாங்காமல் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு வருவார். பள்ளி விட்ட பிறகு தன்னுடைய போர்டிங் அறையில் பெற்றோல்மாக்ஸ் கொளுத்தி வைத்துக் கணக்குச் சொல்லித் தருவார். காசு வாங்கமாட்டார். தேத்தண்ணியும் அவர்தான் தருவார்.

எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் வருகிறவன் ஒருவன் இருந்தான். பெயர் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை, அதனால் 'கம்பாஸ்காரன்' என்றே சொல்கிறோம். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது உங்களுக்குத் தெரியும். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்று இரண்டு நாட்டுப் பெரியவர்கள் பங்கு பிரித்தார்கள். கொழுந்து நிறுக்கிற தராசில்கூட நம்மைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் நிறுப்பார்கள். இது அப்படியும் இல்லை. கம்பாஸ்காரனுடைய அப்பா இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தார். 1971 ஓகஸ்ட் மாதம் பயணம் வந்தது. டிசம்பரில் எங்களுக்கு ஓ.எல். சோதனை.

நாலு மாதம். மாஸ்டர் லயத்துக்கே போய் அவனுடைய அப்பாவிடம் பேசிப் பார்த்தார். "பொடியனை என்னோட விடுங்கோ, சோதினை முடிய அனுப்பி வைக்கிறன்" என்றார். குடும்பமாகப் பதிந்த பயணம், ஒருவனை விட்டுப் போனால் பிறகு என்ன ஆகுமோ என்ற பயம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்லமாட்டோம்.

ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பப் போனோம். சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. கோச்சி அசைகிற நேரம் ஒரு கூட்டமே ஒரே குரலாக அழும். அங்கிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். மாஸ்டர் ஜன்னல் வழியாக ஒரு கம்பாஸ் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் சோதனை எழுதினோம். பாஸ் பண்ணியவர்கள் உண்டு. பாஸ் பண்ணி என்ன? 1948 இல் பறிபோன பிரஜாவுரிமை எங்கள் வீடுகளில் பலருக்குத் திரும்பி வரவில்லை. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முதல் கேள்வியே அதுதான். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்கச் சட்டம் வந்தது 2003 இல். அதற்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது. 1973, 74 பஞ்சத்தில் மாவும் இல்லை, அரிசியும் இல்லை. பாண் வாங்க விடியற்காலையில் கியூ. அப்போதுதான் எங்களில் பலர் கொழும்புக்குக் கடைக்கு வந்தோம். கோச்சியில் ஏறிக் கொச்சிக்கடையில் இறங்கினோம் என்று நாங்களே பகிடி விடுவோம். இரவில் கடைக்குள்ளேயே சாக்கு விரித்துப் படுக்கை. செவ்வாய்க்கிழமை முதலாளி ஒரு மணித்தியாலம் விடுவார், அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைக்க. இந்துப் பிள்ளைகளும் போவோம். மெழுகுதிரிக்காகப் போனதைவிட, வேறு கடைப் பொடியன்களைப் பார்க்கப் போனதுதான் அதிகம்.

எங்கள் வகுப்பில் பொம்பளைப் பிள்ளைகள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் டீச்சராக இருந்தவர். அவருக்கு இந்த மைக்கைக் கொடுத்திருந்தால் எங்களைவிட நன்றாகப் பேசியிருப்பார், மறுத்துவிட்டார்.

சரி, மாஸ்டர் விஷயத்துக்கு வருவோம். 1983 கலவரத்துக்குப் பிறகு அவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யுத்தம். உயிரோடு இருப்பார் என்றே நாங்கள் நினைக்கவில்லை. 2021 இல் டீச்சரம்மாவின் மருமகன் மூலம் நம்பர் கிடைத்தது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். பெயர்களைச் சொல்லச் சொல்ல எங்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டார். கடைசியில் கேட்டார்: "ஓகஸ்டில போன பொடியன் என்ன மாதிரி? அங்க போய்ச் சோதினை எழுதினவனோ?"

எங்களுக்குத் தெரியவில்லை. தேடித் தருகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம். ஒரு வருஷம் ஆனது. டிக்கோயாவில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு கூடலூர்க்காரர், எங்கள் வகுப்புப் படத்தைப் பார்த்து, "இது எங்க பக்கத்து வீட்டுத் தாத்தால்ல" என்றார். அவனேதான். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968 இல் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம் உண்டே, பிறகு 'டான்டீ' என்று ஆனது, அதில்தான் தொழிலாளியாக வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறான். இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை.

போனில் பேசினோம். மாஸ்டர் கேட்ட கேள்வியைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எழுதிட்டேன்னு சொல்லிருங்கடா. வந்த முதல் மாசமே வேலைக்குப் போயிட்டேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

உண்மையைச் சொல்கிறோம், இதில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. வயதான மனிதர், ஒரு பொய்யில் நிம்மதியாகக் கண்ணை மூடட்டும் என்று பாதிப் பேர். மாஸ்டரிடம் பொய் சொல்லி நாங்கள் தப்பியதே கிடையாது என்று மிச்சப் பேர். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் டீச்சரம்மாதான், "நீங்க யாரு நடுவுல? ரெண்டு பேரையும் பேச விடுங்க" என்று வாட்சப்பில் இணைத்துவிட்டார்.

அவனே சொல்லிவிட்டான். "எழுதல மாஸ்டர்." அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அந்தப் பக்கம் மாஸ்டர் இருமினார், யாரையோ கூப்பிட்டு எதையோ எடுக்கச் சொன்னார். பிறகு, "அந்த வருசத்துக் கணக்குப் பேப்பர் என்னட்ட இன்னும் கிடக்கு. அனுப்பிவிடட்டோ?" என்றார்.

பேரன் படம் பிடித்து அனுப்பினான். எங்கள் கம்பாஸ்காரன் ஒரு வாரம் எடுத்து ஆறு கணக்குச் செய்து திருப்பி அனுப்பினான். கம்பாஸ் பெட்டி துருப்பிடித்துப் போயிருக்கிறதாம், பாகைமானி மட்டும் நன்றாக இருக்கிறதாம். மாஸ்டர் திருத்தினார். இரண்டு பிழை. "அவசரப்பட்டுப் போட்டான், முந்தியும் இப்பிடித்தான்" என்று எங்களிடம் முறைப்பாடு வேறு.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் அந்த வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். முப்பத்து நாலு தலை. ஒன்பது பேருக்குக் கீழே இன்னும் வெறும் கோடுதான் இருக்கிறது. மூன்றாம் வரிசையில் இடது கைப் பக்கம், கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பவனை மஸ்கெலியாப் பக்கத்தவன் என்று ஒருவர் சொல்கிறார், பொகவந்தலாவை என்று இன்னொருவர் சண்டை பிடிக்கிறார். மலையிலிருந்து வந்திருப்பவர்கள் போகிற முன்னே கட்டாயம் ஒருமுறை பாருங்கள். உங்கள் லயத்துத் தாத்தாவாகவும் இருக்கலாம். பென்சில் கட்டி வைத்திருக்கிறோம், எழுதிவிட்டுப் போங்கள். பின்னேரக் கோச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, சோறு கீழே தயாராகிவிட்டது.