சிறையில் ஓய்வு நேரம் யாருடையது?



இந்த நினைவுரைக்குத் தலைப்பு கேட்டார்கள். சிறையில் ஓய்வு நேரம் என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கவிதையைப் பற்றிப் பேசலாமே தோழர்" என்றார்கள். பேசலாம்தான். ஆனால் அண்ணன் தன் வாழ்நாளில் அதிகம் படித்தது சிறையில் இருந்தபோதுதான். "எனக்கு லீவு கிடைச்சதே அங்கதான் தாயி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

நான் சமூகவியல் எம்.ஏ. படித்தபோது எர்விங் கோஃப்மன் எழுதிய 'அசைலம்ஸ்' நூலைப் படித்தோம். 1961இல் வந்தது. சிறை, மனநல மருத்துவமனை, ராணுவ முகாம் போன்ற இடங்கள் மனிதரை உள்ளே எடுக்கும்போது அவருடைய துணி, உடைமை, வெளி அடையாளம் எல்லாவற்றையும் கழற்றிவிடுகின்றன என்கிறார் அவர். உள்ளே கழியும் காலம் தன் ஆயுளிலிருந்து திருடப்பட்ட காலம் என்ற நினைப்பு அங்கே இருப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. அதை மறக்கத்தான் விளையாட்டு, பாட்டு, சீட்டு எல்லாம். நல்ல ஆய்வு. ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்தது வாஷிங்டனில் இருந்த ஒரு மருத்துவமனையை. நம்மூர்க் கிளைச் சிறையைப் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுத வேண்டியிருந்திருக்கும். இங்கே அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். சாதியை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

என் சித்தப்பா மகன் ஒருவன் கோயில் கொடைத் தகராறில் ரிமாண்ட் ஆகி நாற்பத்தேழு நாள் உள்ளே இருந்தான். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். முதல் நாள் காலை, அறைக்குப் பெரியவன்போல இருந்த ஒரு பழைய கைதி, "எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறான். சொல்லியிருக்கிறான். அடுத்த கேள்வி, "ஊர்ல எந்தத் தெரு?" தெற்குத் தெரு என்றதும் கையில் விளக்குமாறு வந்துவிட்டது. வார்டர் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம்.

அவன் விசாரணைக் கைதி. கடுங்காவல் தண்டனை பெற்றவரைத்தான் வேலை வாங்கலாம். தன் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதைத் தவிர, விசாரணைக் கைதியிடம் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படிப் பார்த்தால் அவனுக்கு நாள் முழுவதும் ஓய்வு நேரம்தான். மற்றவர்களுக்கு அப்படித்தான் இருந்தது. தரையில் கரித்துண்டால் கட்டம் போட்டு ஆடு புலி ஆடுவார்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் உருட்டுவார்கள். பந்தயத்துக்கு பீடி. பீடிதான் அங்கே ரூபாய். மத்தியானம் ஒரு தூக்கம், எழுந்து பழைய தினத்தந்தியை விளம்பரம் உட்பட இன்னொரு தடவை வாசிப்பது, சாயங்காலம் அடைத்த பிறகு யாராவது சினிமாக் கதை சொல்வது. கதை சொல்லத் தெரிந்தவனுக்கு நல்ல மரியாதையாம். இவன் கழிப்பறை கழுவிவிட்டு வந்து ஆட்டத்தைத் தூர நின்று பார்ப்பான். காய் நகர்த்த இவனைக் கூப்பிடவில்லை. "அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்க்கா, இது ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான். வெளியே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் யாராவது தாயம் ஆடினால் எழுந்து போய்விடுவான்.

எங்கோ ஒருவனுக்கு நடந்தது என்று நினைக்க வேண்டாம். இது சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ராஜஸ்தான் சிறை விதிகளில் கழிப்பறைக்கு மேத்தர், சமையலுக்குப் பிராமணர் அல்லது உயர் சாதி இந்துக் கைதி. மேற்கு வங்க விதிகளில் துப்புரவுக்கு எந்தெந்தச் சாதியிலிருந்து ஆள் எடுப்பது என்று பெயரோடு இருந்தது. உத்தரப் பிரதேசத்தில், சாதாரணக் காவல் கைதிக்கு 'இழிவான' வேலை தரக்கூடாது, அந்த வேலைக்குப் பழகிய சமூகத்தவராக இருந்தால் தரலாம். 'பழகிய' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா இவற்றைத் தேடி எடுத்து எழுதி, பிறகு வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23ஆம் பிரிவும் சிறைக்குள்ளும் செல்லும் என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிப் பத்தியை நீக்கவும், மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் விதிகளைத் திருத்தவும் உத்தரவிட்டது.

அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டையும் இருக்கிறது. மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் எனத் தனித்தனியாக வைக்கிறார்கள் என்பது மனுவில் சொல்லப்பட்டது. இதே விஷயம் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, மோதலைத் தவிர்க்கத்தான் அப்படி என்ற விளக்கம் ஏற்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்காகச் சாதிவாரியாகப் பிரிக்கக்கூடாது என்றது.

இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பது எனக்குத் தெரியும். "சேர்த்து வைத்தால் நம் பையன்களைக் கொன்றுவிடுவார்கள்" என்று தாய்மார்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2021 ஏப்ரலில் என்ன நடந்தது? ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்ட ஒரு தலித் இளைஞர், விசாரணைக் கைதி, போன அன்றைக்கே உள்ளே அடித்துக் கொல்லப்பட்டார். குடும்பம் இரண்டு மாதத்துக்கு மேல் உடலை வாங்க மறுத்துப் போராடியது. பிரித்து வைத்தது அவரைக் காப்பாற்றவில்லையே. தொகுதியைச் சாதியால் பிரித்தால் கேரம் போர்டின் நான்கு பக்கமும் ஒரே சாதிதான் உட்காரும். வெளியே போகும்போது அந்த நான்கு பேரும் ஒரு கூட்டாளி செட்டு. மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன்களுக்கு அந்த நேரத்தில் யார் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

மாதக்கணக்கில் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சிறையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர்; நாட்டு மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் இதில் உண்டு. மனு போட்டுப் பார்க்கப் போகிற அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் அன்றைய கூலி போய்விடும். உள்ளே இருப்பவனின் ஓய்வு நேரத்துக்கு வெளியே இருப்பவள் காசு கட்டுகிறாள்.

சிறையில் எழுதியவர்கள் நம் மொழியில் நிறையப் பேர். ராஜாஜி வேலூரில் நாட்குறிப்பு எழுதினார். வ.உ.சி. கோவையில் செக்கிழுத்தார், சிறைக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனையும் மொழிபெயர்த்தார். சி.ஏ.பாலன் 'தூக்குமர நிழலில்' தந்தார். தியாகு 'சுவருக்குள் சித்திரங்கள்' எழுதினார். பேரறிவாளன் 2012இல் வேலூர்ச் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 எடுத்தார். எல்லாம் பெருமைதான். இவர்கள் பெரும்பாலும் அரசியல் காரணமாக உள்ளே போனவர்கள், எழுத்துப் பழக்கம் உள்ளவர்கள். அடிதடி வழக்கிலும் சந்தேக வழக்கிலும் போய் வருகிற நம் தெருப் பையன் என்ன எழுதினான்? 1999இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் பெண்களோடு திருச்சிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களை விடுவிக்கக் கேட்டுப் போன ஊர்வலத்தில்தான், ஜூலை 23 அன்று, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறோம். அந்தப் பெண்கள் சிறையில் பகல் பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று போய்க் கேட்டு எழுதியவர் இந்த அவையில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நானும் கேட்கவில்லை.

அண்ணன் கதைக்கு வருகிறேன். அவர் கையிலும் விளக்குமாறு கொடுத்தார்கள். "எல்லாரும் ஆளுக்கு ஒரு நாள்னா நானும் கூட்டுறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் சோறு அவர் கைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் வந்து, கையெழுத்துப் போடத் தெரியாதவன், பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதித் தர முடியுமா என்று கேட்டான். அவன் நம் ஆள் இல்லை. அண்ணன் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வரிசை. ஜாமீன் மனு, கலெக்டருக்கு மனு, ஒரு காதல் கடிதம்கூட. கூலியாக பீடி வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழக வேண்டும், அதுதான் கூலி. மூன்று மாதத்தில் நாலு பேர் தங்கள் பெயரை எழுதினார்கள். அதில் ஒருவர் அண்ணன் சாவுக்கு வந்திருந்தார். கருமாதி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விளக்குமாறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது கடைசி வரைக்கும் மாறல தாயி, எனக்குப் பதிலா இன்னொரு நம்ம பையன் கூட்டுனான்" என்றார். இதை அவர் மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது ஒரு வேலை. தீர்ப்பு வந்துவிட்டது. நம் மாவட்டத்துக் கிளைச் சிறைகளில் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தி போய்விட்டதா, துப்புரவுப் பணிக்கு ஆள் எப்படி எடுக்கிறார்கள், நூலகத்தில் எத்தனை புத்தகம், கைதி கையில் அது எத்தனை மணிக்குக் கிடைக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம். இன்னொன்று: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்திருந்தால், ஆயுள், தூக்குக்குரிய குற்றங்கள் தவிர, பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. உங்கள் தெருவில் யாராவது அப்படி இருந்தால் பெயரும் வழக்கு எண்ணும் கொண்டு வாருங்கள், வக்கீல் தோழர்கள் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள்.

விண்ணப்பம் பின்னால் தண்ணீர் கேனுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஸ்டாம்ப் நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம், கையெழுத்தும் முகவரியும் போதும்.