தகட்டுக்கு முன் நாடா

என் ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, நான் தலைமை ஏற்பதில் பெருமையும் உண்டு, நடுக்கமும் உண்டு. கருத்தரங்கின் பொருள் டிஜிட்டல் ஒலி, ஒளி, தகட்டுச் சேமிப்பு ஆகியவற்றின் அடிப்படைகள். மாதிரி வீதம், பிட் ஆழம், கோடெக் எதுவும் இந்த அவைக்குப் புதிதல்ல. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. அலைநீளம் குறையக் குறையத் தடங்கள் நெருங்கிக் கொள்ளளவு பெருகியது. மற்றதை அடுத்த அமர்வுகள் பேசும். என் நேரத்தை சிடியின் மாதிரி வீதமான 44,100 என்ற ஒரே எண்ணுக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன்.

காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதன் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்து, வடிகட்டிக்குச் சற்று இடம் விட வேண்டும். பாடநூல்கள் இதோடு நின்றுவிடுகின்றன. அப்படியானால் 44,000 ஏன் ஆகாது? 45,000 ஏன் ஆகாது? விடையை வீடியோ நாடாவில்தான் தேட வேண்டும். நொடிக்குப் பதினான்கு லட்சம் பிட்டுகளை ஒரு மணி நேரம் தாங்க, 1970களின் இறுதியில் ஸ்டுடியோக்களுக்குக் கட்டுப்படியான கருவி வீடியோ ரெக்கார்டர். பிட்டுகளைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கித் தொலைக்காட்சிப் படமாகவே பதிந்தார்கள். ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரிகள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஃபீல்டுக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 ஃபீல்டுகள். ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 ஃபீல்டுகள். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 44,100.

பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழுதும் அடங்கவே தகடு 74 நிமிடம் ஆனது என்ற கதையை இன்னும் மேடைதோறும் சொல்கிறோம். சிடியின் குறியீட்டு முறையை வகுத்த பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் அதை எழுத்திலேயே ஐயுற்றிருக்கிறார். தகட்டுக்கான இசையைத் தாங்கிய அக்கால யூ-மேட்டிக் வீடியோ நாடாவோ 72 நிமிடத்தில் முடிந்துவிடும்.

நாடா வெறும் சுமைதூக்கி என்று மதிப்புக்குரிய மூத்த ஆய்வாளர் ஒருவர் எழுதினார். பிழைதிருத்தக் குறியீடுகளை நான் கற்றது அவர் நூலில்தான். ஆயினும் இதில் உடன்பட இயலவில்லை. தூக்கியவரின் முதுகுதான் சுமையின் அளவைத் தீர்மானித்தது. வீடியோ உலகம் 48,000க்குப் போய்விட்ட பிறகு, 147க்கு 160 என்ற விகிதத்தோடு நாம் இன்றுவரை மல்லுக்கட்டுவதும் அதனால்தான்.

இது பழங்கதை ஆராய்ச்சி என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். தொடக்ககாலத் தகடுகள் சிலவற்றில் எம்ஃபசிஸ் உண்டு: பதியும்போது உச்ச ஒலிகளை உயர்த்தி, இசைக்கும்போது இறக்குவது. அதற்கான அடையாளம் சில தகடுகளின் உள்ளடக்கப் பட்டியலில் இராது, துணைக்குறியீட்டில் மட்டும் இருக்கும். அதைப் பார்க்காமல் நகலெடுத்தால், கூசும் ஒலியே 'மூலம்' என்று காப்பகத்தில் ஏறிவிடும். ஒப்பிட்டுச் சரிபார்க்க நாடா வேண்டும். நாடாவை ஓட்டும் கருவிகளோ அருகி வருகின்றன.

நாளை நம்முன் வரும் அட்டவணைப் படிவத்தில் தகட்டின் விட்டத்துக்குக் கட்டம் இருக்கிறது. மூல நாடா எது, எந்தக் கருவியில் பதிந்தது, எம்ஃபசிஸ் உண்டா என்ற மூன்றுக்கும் இடமில்லை. அவற்றைச் சேர்க்காத வரைவை நான் ஆதரிக்க இயலாது என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.